ஜெனரேட்டருக்கு ஒத்திகை உண்டு... சர்வருக்கு உண்டா?

2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்று அன்று உலகம் முழுக்கச் செய்தியானது. காரணம் எளிமையானது. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. சாலை முழுக்க வெள்ளம்.

அச்சு இயந்திரத்தை ஓட்ட ஆள் அங்கே இருந்தாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. சர்வர் அப்படியல்ல. பக்கத்தில் ஆளே இல்லாமல், வேறொரு ஊரில், வேறொரு பெட்டியில் அதை மறுபடி எழுப்ப முடியும். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் ஓஎம்ஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் உள்ள சின்ன நிறுவனங்கள், கல்லூரிகள், கிளினிக்குகள் பலவற்றில் சர்வர் இன்னும் அச்சு இயந்திரம் மாதிரிதான். அதை ஓட்டத் தெரிந்த அந்த ஒரு ஆள் வந்து சேர வேண்டும்.

இதைப் பற்றிப் பேச செங்கல்பட்டு மாவட்டம் பொருத்தமான இடம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில்தான் சிறுசேரி சிப்காட் இருக்கிறது. டிசிஎஸ்ஸின் பிரம்மாண்ட வளாகமும், 17 மெகாவாட்டில் தொடங்கி 33 மெகாவாட் வரை போகும் திட்டத்துடன் 2022-ல் திறக்கப்பட்ட அதானிகனெக்ஸ் டேட்டா சென்டரும் அங்கேதான். சிஃபியும் அங்கே டேட்டா சென்டர் கட்டியிருக்கிறது. கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ. மகேந்திரா சிட்டியில் இன்ஃபோசிஸ். கட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம். கடற்கரையோரம் கல்பாக்கம். இவ்வளவும் இருக்கும் இதே கரையைத்தான், 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி, மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கடந்தது.

பெரிய டேட்டா சென்டர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அங்கே ஜெனரேட்டர், பேட்டரி, இரண்டு வழி மின்சாரம், மூன்று ஷிப்ட் ஆட்கள் எல்லாம் உண்டு. கவலை, மாடிப்படிக்குக் கீழே ஏசி போட்ட சின்ன அறையில் ஓடும் அந்த ஒற்றை சர்வரைப் பற்றியது.

ஒரு ஆளின் தலைக்குள் ஒரு சர்வர்

அந்த சர்வர் எப்படி உருவானது என்று விசாரித்தால் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு இளைஞர் உட்கார்ந்து லினக்ஸ் நிறுவினார். கூகுளில் தேடி ஒரு செட்டிங்கை மாற்றினார். பில்லிங் சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று ஒரு பழைய வெர்ஷனைத் தேடிப் பிடித்துப் போட்டார். ஒரு ராத்திரி டிஸ்க் நிரம்பியது, அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். அப்புறம் அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். இப்போது இருப்பவர் அதைத் தொட மாட்டார். "ஓடிட்டிருக்கு சார், ரீஸ்டார்ட் மட்டும் பண்ண வேணாம்" என்பார்.

ரீஸ்டார்ட் செய்யவே பயப்படும் ஒரு இயந்திரத்தை நம்பித்தான் சம்பளப் பட்டியலும் நோயாளிகளின் கோப்பும் தேர்வு மதிப்பெண்ணும் நிற்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவது இந்தக் கரையில் வழக்கம். யுபிஎஸ் தீர்ந்ததும் அந்த ரீஸ்டார்ட் தானாக வரும்.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் ஒரே பாறையில் செதுக்கியவை. உளி ஒரு இடத்தில் தவறினால் வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. கையால், கொஞ்சம் கொஞ்சமாக, நினைவிலிருந்து கட்டிய சர்வரும் அப்படித்தான். (ஆனால் அதே ஊரில் சிற்பம் கற்பவர்கள் அளவுகளை எழுத்தில் படிக்கிறார்கள், முகம் இத்தனை, உடல் அதுபோல் இத்தனை மடங்கு என்று தாள அளவு இருக்கிறது. குருவின் தலைக்குள் மட்டும் அதை விட்டுவைக்கவில்லை.)

சர்வருக்கான அந்த 'அளவு நூல்'தான் தானியங்கி நிறுவல் கருவிகள். சொல்லப்போனால் இது புதிய சமாச்சாரமே இல்லை. ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் 1993-ல் சிஎஃப்எஞ்சினை எழுதினார். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999-ல் தொடங்கிய 'எஃப்ஏஐ', வெறும் இயந்திரத்தில் டெபியன் லினக்ஸை ஆள் தொடாமலே நிறுவியது. ரெட் ஹேட்டின் கிக்ஸ்டார்ட் அதே வேலையைத் தன் பக்கம் செய்தது. பிறகு 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2012-ல் ஆன்சிபிள். இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன்களும் பெண்களும் அதிகம் எழுதிக்கொள்வது இந்தக் கடைசிப் பெயரைத்தான்.

உப்பு போடு என்பதும், உப்பு சரியாக இருக்கட்டும் என்பதும்

ஆன்சிபிளை ஒரு சமையல் குறிப்பு என்று சொல்வார்கள். அது பாதி சரி.

சாதாரண ஸ்கிரிப்ட் என்பது "ஒரு ஸ்பூன் உப்பு போடு" என்ற கட்டளை. தவறுதலாக இரண்டு தடவை ஓட்டினால் குழம்பு கரிக்கும். ஆன்சிபிள், பப்பெட் போன்றவை "குழம்பில் உப்பு சரியாக இருக்க வேண்டும்" என்று எழுதச் சொல்கின்றன. கருவி முதலில் ருசி பார்க்கும். இருந்தால் விட்டுவிடும், இல்லையென்றால் போடும். முறையாக எழுதினால் அதே குறிப்பை நூறு தடவை ஓட்டினாலும் விளைவு மாறாது. வெப் சர்வர் இருக்கட்டும், இந்த வெர்ஷன் இருக்கட்டும், இந்தக் கோப்பில் இந்த வரி இருக்கட்டும், இந்தப் பயனர் மட்டும் நுழையட்டும். இப்படி வரி வரியாக எழுதிய ஒரு கோப்பு. அவ்ளோதான்.

இந்தக் கோப்பின் உண்மையான மதிப்பு வேகம் அல்ல. படித்துப் பார்க்க முடியும் என்பதுதான் மதிப்பு. சர்வரில் என்ன இருக்கிறது என்பதற்கு முதல் முறையாக ஒரு எழுத்துச் சான்று கிடைக்கிறது. கிட் களஞ்சியத்தில் வைத்தால், யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதும் தெரியும். மேனேஜர் மாறலாம், அட்மின் பெங்களூர் போகலாம், கோப்பு நிறுவனத்திடமே இருக்கும்.

கையால் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உலகமே சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் நைட் கேபிட்டல். 2012 ஆகஸ்ட் 1. பங்கு வர்த்தக நிறுவனமான அதன் எட்டு சர்வர்களுக்குப் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஏழில் ஏற்றினார். எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறை எழுத்தில் இல்லை என்று பின்னர் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பதிவு செய்தது. அந்த எட்டாவது சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அடுத்த வருடம் நிறுவனமே வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது.

எட்டில் ஒன்று. இதைச் செய்தவர் திறமையில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. எட்டு தடவை ஒரே வேலையைக் கையால் செய்யும் யாருக்கும் இது நடக்கும்.

கன்டெய்னர் இங்கே எதற்கு?

குறிப்பை எழுதிவிட்டோம். அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சுத்தமான, காலியான இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வரில் ஓட்டினால் "எல்லாம் சரி" என்றே வரும். ஏனென்றால் பாதி பொருட்கள் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. சமையலறையில் உப்பு டப்பா இருப்பதால் குறிப்பில் உப்பை எழுத மறந்தது தெரியாமலே போகும்.

காலியான இயந்திரத்துக்கு எங்கே போவது? ஒரு பெட்டியை ஃபார்மட் செய்து லினக்ஸ் நிறுவ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தப்பு வந்தால் மறுபடி அரை மணி நேரம். மூன்றாவது தடவை யாரும் செய்ய மாட்டார்கள். இங்கேதான் இலகுவகை மெய்நிகராக்கம், அதாவது கன்டெய்னர், உள்ளே வருகிறது.

நாவலூரிலோ படூரிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். விர்ச்சுவல் மெஷின் என்பது தனி வீடு. தனி போர்வெல், தனி சம்ப், தனி மோட்டார். ஒரே கம்ப்யூட்டருக்குள் முழு கம்ப்யூட்டரை நடித்துக் காட்டும் ஏற்பாடு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கெர்னலை வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் மெமரியில் பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளும். கன்டெய்னர் என்பது ஃபிளாட். கதவும் பூட்டும் தனி, மின்சார மீட்டரும் தனி. ஆனால் சம்ப்பும் மோட்டாரும் பொது. அந்தப் பொது மோட்டார்தான் லினக்ஸ் கெர்னல். சுவர் எழுப்புவது 'நேம்ஸ்பேஸ்' என்ற வசதி. யார் எவ்வளவு பிராசஸர், எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று மீட்டர் வைப்பது 'சிகுரூப்'. கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய அந்த வேலை 2008-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதே வருடம் எல்எக்ஸ்சி வந்தது. அதற்கு முன்பே ஃப்ரீபிஎஸ்டி ஜெயில், லினக்ஸ்-விசர்வர், ஓபன்விஇசட் என்று அண்ணன்மார்கள் இருந்தார்கள். 2013-ல் டாக்கர் வந்த பிறகுதான் ஊரெல்லாம் இந்தப் பெயர் தெரிந்தது.

தனி வீடு கட்ட மாதங்கள் ஆகும். ஃபிளாட் சாவி உடனே கிடைக்கும். கன்டெய்னர் ஒன்று திறக்கச் சில விநாடி போதும். 8 ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப்பில் பத்து காலி 'சர்வர்'களை ஒரே நேரத்தில் எழுப்பலாம். குறிப்பை ஓட்டு, தப்பு வந்தால் கன்டெய்னரைத் தூக்கி எறி, புதிதாக ஒன்றை எழுப்பு, மறுபடி ஓட்டு. ஒரு மாலைக்குள் இருபது தடவை செய்யலாம். கட்டாங்கொளத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு மாணவி, ஒரு வெப் சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரு பேக்கப் சர்வர் என்று முழு அலுவலகத்தையே தன் லேப்டாப்பில் கட்டி உடைத்துக் கற்றுக்கொள்ள முடியும். கிளவுட் பில் ஒரு ரூபாய்கூட வராது.

ஒரு நுணுக்கம். டாக்கர் கன்டெய்னர் ஒரு செயலியை மட்டும் சுமக்கத் தயாரானது. அதற்குள் வழக்கமான சர்வரின் சேவைகளை எல்லாம் ஓட்டுவது இயல்பு இல்லை. முழு சர்வர் மாதிரியே நடந்துகொள்ளும் கன்டெய்னர் வேண்டும் என்றால் எல்எக்ஸ்சி, அல்லது எல்எக்ஸ்டியிலிருந்து 2023-ல் பிரிந்த இன்கஸ்தான் சரி. சர்வர் அமைக்கும் குறிப்பைச் சோதிக்க இவைதான் கைக்கு வசதி. ஆன்சிபிளைக் கற்க டாக்கரைத் திறந்து, "சிஸ்டம்டி வரலையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய பேர். தப்பு அவர்களிடம் இல்லை, பெட்டி வேறு.

விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கிய பிறகு, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் நிரந்தர உரிமங்கள் நிறுத்தப்பட்டன. பட்ஜெட் இறுக்கமான நிறுவனங்கள் மாற்று தேட, பிராக்ஸ்மாக்ஸ் பேச்சில் அடிபட்டது. ஒரே திரையில் தனி வீட்டையும் ஃபிளாட்டையும், அதாவது விர்ச்சுவல் மெஷினையும் எல்எக்ஸ்சி கன்டெய்னரையும், நிர்வகிக்கும் திறந்தமூலக் கருவி அது. ஒரே சர்வர் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அதுவே தாராளம். குபெர்நெட்டீஸ் வேண்டுமா என்று கேட்டால், இந்த அளவுக்கு வேண்டாம். நாலு பேர் வீட்டுக்குக் கல்யாண மண்டபத்து அடுப்பு எதற்கு?

ஒன்று மட்டும் இருந்தால்

கன்டெய்னர் கிடைத்தது என்று குதித்து, குறிப்பு எழுதாமல் விட்ட இடங்களின் கதை வேடிக்கையானது. முன்பு கையால் கட்டிய சர்வர் ஒன்று இருந்தது. இப்போது கையால் கட்டிய சர்வர் முப்பது. ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ நுழைந்து, "இப்போதைக்கு" என்று ஒரு மாற்றம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஃபிளாட் கட்டுவது சுலபமானதால் ஆக்கிரமிப்பு கூடிவிட்டது. கன்டெய்னர் குழப்பத்தைத் தீர்க்காது. குழப்பத்தை மலிவாக்கிவிடும்.

மறுபுறம், குறிப்பு மட்டும் எழுதி, காலி இயந்திரத்தில் ஒருபோதும் ஓட்டிப் பார்க்காத இடங்களும் உண்டு. அந்தக் கோப்பு சுவரில் மாட்டிய தீயணைப்பான் மாதிரி. தேதி முடிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதை விருப்பத்துக்காகச் செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தன. 2025 செப்டம்பர் இறுதியில் ஜோஹோவின் 'அரட்டை' செயலிக்கு என்ன நடந்தது? நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3.5 லட்சமாக எகிறியதாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அவசர அவசரமாக உள்கட்டமைப்பைக் கூட்டுவதாகவும் சொன்னார். சொந்த டேட்டா சென்டர்களில் ஓடும் நிறுவனம் அது. நூறு மடங்கு ஏறும் கூட்டத்துக்கு, ஒவ்வொரு சர்வராக உட்கார்ந்து நிறுவிக்கொண்டிருக்கும் முறை எந்த நிறுவனத்திலும் தாங்காது. பத்தாவது சர்வரும் ஆயிரமாவது சர்வரும் ஒரே அச்சில் வந்தால்தான் உண்டு.

சின்ன அலுவலகத்துக்கு நூறு மடங்கு கூட்டம் வராது. ஆனால் ஒரே ஒரு சர்வர் ஒரே ஒரு தடவை செத்துப்போகும். அந்த ஒரு தடவைக்கும் தேவை இதே ஒழுங்குதான்.

தப்பும் தானாகவே பரவும்

இதைப் படித்துவிட்டு நாளையே எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றப் புறப்படுபவர்கள் 2024 ஜூலை 19-ஐ ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கையால் செய்திருந்தால் எட்டில் ஒன்றில் தப்பு நடந்திருக்கும். தானியங்கியாகச் செய்தால் எட்டிலும் ஒரே நேரத்தில் நடக்கும். கொடுமை என்னவென்றால், அதைச் சரிசெய்ய பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு இயந்திரமாகப் போய் உட்கார வேண்டியிருந்தது.

எனவே முதலில் கன்டெய்னரில், பிறகு ஒரே ஒரு உண்மையான சர்வரில், ஒரு நாள் பொறுத்து மற்றவற்றில் என்று படிப்படியாகப் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம்.

கன்டெய்னரின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. பொது சம்ப்பில் விஷம் கலந்தால் எல்லா ஃபிளாட்டுக்கும் போகும். கெர்னலில் ஓட்டை இருந்தால் ஒரு கன்டெய்னரிலிருந்து அடுத்ததற்குத் தாவ வழி பிறக்கும். தங்கள் அலுவலகத்தின் சொந்தச் செயலிகளை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் நிரலை ஓட்டுவதென்றால் தனி வீடுதான் பாதுகாப்பு. அமேசானே தன் லாம்ப்டா சேவைக்காக 2018-ல் ஃபயர்கிராக்கர் என்ற குட்டி விர்ச்சுவல் மெஷினை வெளியிட்டது, ஃபிளாட்டின் வேகமும் தனி வீட்டின் சுவரும் சேர்ந்து வேண்டும் என்பதற்காகத்தான். அதேபோல் கெர்னல் மாற்றம், டிஸ்க் பிரிப்பு, டிரைவர் போன்றவற்றைக் கன்டெய்னரில் சோதிக்கவே முடியாது. அதற்கு விர்ச்சுவல் மெஷின் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: குறிப்பு சர்வரைத்தான் திருப்பித் தரும், தகவலைத் தராது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப் வழிகள் ஐந்து இருந்தன. எதுவும் நினைத்தபடி வேலை செய்யவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யதேச்சையாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. தப்பு செய்தவரைத் தூக்கில் போடாமல், தப்புக்கு இடம் கொடுத்த நடைமுறையைத் திருத்தியது. நம்ம ஊர் அலுவலகங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒருவேளை அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

"எழுதிக் கொடுத்துட்டா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"

இந்தக் கேள்வியை யாரும் மீட்டிங்கில் கேட்பதில்லை. டீக்கடையில் கேட்பார்கள். சிறுசேரியில் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. டிசிஎஸ் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது ஓஎம்ஆர் முழுக்க அந்தப் பயம் இருந்தது. நிறுவனம் சொன்ன காரணங்கள் வேறு. ஆனால் பயம் காரணம் கேட்டு வருவதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். சிடியைப் போட்டு 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்தி சர்வர் நிறுவும் வேலை போய்விட்டது. அது திரும்ப வராது. அந்த வேலையைக் காப்பாற்ற சர்வரின் ரகசியங்களைத் தலைக்குள் பூட்டி வைப்பது ஒரு தற்காப்புதான், ஆனால் மோசமான தற்காப்பு. அப்படிப் பூட்டியவருக்குப் பொங்கல் லீவு கிடையாது. தங்கை கல்யாணத்தில் பந்தி நடுவே போன் வரும். "அண்ணே, சர்வர் டவுன், நீங்க இல்லாம ஒண்ணும் புரியலை." அது மரியாதை மாதிரி தெரியும். உண்மையில் அது சங்கிலி. புயல் இரவில் கேளம்பாக்கம் வழியாக பைக்கில் போகச் சொல்வதும் அவரைத்தான்.

இதில் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. எழுதி வைப்பவரை அடுத்த மாதம் அனுப்பிவிடும் நிறுவனத்தில் அதன் பிறகு ஒருவரும் எதையும் எழுத மாட்டார்கள். குறிப்பு எழுதுவதை மதிப்பீட்டில் சேர்த்து, அதற்கு நேரமும் ஒதுக்கி, சம்பளத்திலும் காட்ட வேண்டும். இரவு கண்விழித்து சர்வரை உயிர்ப்பித்தவருக்குக் கைதட்டும் அலுவலகங்கள், அப்படி ஒரு இரவே வராமல் பார்த்துக்கொண்டவரைக் கவனிப்பதே இல்லை.

ஒரு சனிக்கிழமை ஒத்திகை

அபார்ட்மென்டோ அலுவலகமோ, மழைக்காலத்துக்கு முன் ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார்கள். டீசல் இருக்கிறதா, பேட்டரி இழுக்கிறதா என்று பார்க்கிறார்கள். சர்வருக்கும் இதையே கேட்கலாம்: இது இப்போது செத்தால், காலியான பெட்டியிலிருந்து திரும்ப எழுப்ப எவ்வளவு நேரம்?

ஒத்திகைக்கு ஒரு நிபந்தனை. சர்வரைக் கட்டியவர் அறைக்குள் இருக்கலாம், கீபோர்டைத் தொடக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் குறிப்பை மட்டும் வைத்து எழுப்ப வேண்டும். அவர் எங்கே தடுமாறி நிற்கிறாரோ அந்த இடம்தான் இன்னும் எழுதப்படாதது. எழுந்த பிறகு பேக்கப்பிலிருந்து தகவலை ஏற்ற வேண்டும். "டேட்டாபேஸ் வந்தாச்சு" என்று ஐடி ஆள் சொன்னால் போதாது. அக்கவுன்ட்ஸ் அக்கா வந்து, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து, "தொகை சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை பெரும்பாலும் தோற்கும். வழக்கமாக மாட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, பாஸ்வேர்டுகள். அவற்றைக் குறிப்பில் வெறுமனே எழுதி வைத்திருப்பார்கள், அல்லது எங்குமே வைத்திருக்க மாட்டார்கள். ஆன்சிபிள் வால்ட் போன்ற பூட்டிய கோப்பில் வைத்து, அதன் சாவியை இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு, இணையம். குறிப்பு ஓடும்போது மென்பொருட்களை வெளியிலிருந்து இறக்கிக்கொள்கிறது. புயல் நாளில் அந்த இணையமே இருக்காது. டாக்கர் ஹப்பும் 2020 நவம்பரிலிருந்து இலவசமாக இறக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. தேவையான இமேஜ்களையும் பேக்கேஜ்களையும், வெர்ஷன் எண்ணோடு, ஒரு டிஸ்கில் உள்ளூரில் வைத்துக்கொள்வது நல்லது. 'லேட்டஸ்ட்' என்று மட்டும் எழுதினால் இன்று வந்தது நாளை வராது.

இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். மும்பையோ ஹைதராபாத்தோ. இரண்டாவது நகலையும் சென்னையிலேயே வைத்தால் அதே மழையில் அதுவும் நனையும்.

இவ்வளவுக்கும் வேண்டிய செலவு ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு மாதத்தின் மாலை நேரங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாவது வாரத்தில். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால், தோற்றாலும் மறுபடி செய்து பார்க்க இன்னும் நான்கு சனிக்கிழமைகள் இருக்கும்.